டெக்னோ, டிரான்ஸ் கலந்த வீட்டு மிக்ஸைப் பகிரும்போது வரும் கோளாறுகள்: எதை எங்கே தேடுவது

டெக்னோ, டிரான்ஸ் என்ற இரண்டு மின்னணு நடன இசை வகைகளையும் கலந்து மிக்ஸ் போட்டு, பதிவு செய்து, ஏற்றி, நாலு பேருக்கு லிங்க்கும் அனுப்பியாயிற்று. "நடுவுல கரகரன்னு இருக்கு", "என் போன்ல கிக்கே கேக்கல" (கிக் என்பது தாளத்தின் கனமான டிரம் அடி), "வீடியோ ஓட மாட்டேங்குது" என்று ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. உடனே ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்ப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் அதில் நேரம்தான் போகும்.

கோளாறு எங்கே உள்ளே வந்தது என்பதை முதலில் பிடியுங்கள். டெக்கில் (டிராக்கை ஓட்டும் பகுதி) கலந்தபோதா, பதிவானபோதா, எம்பி3 ஆக்கியபோதா, தளத்தில் ஏறிய பிறகா? புகார் சொன்னவரிடம் எந்த நிமிடம் என்று கேட்டு, அதே நிமிடத்தை மூல வேவ் ஃபைலில் (சுருக்காத பதிவு) ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அங்கேயே இருந்தால் தளத்தைத் திட்டிப் பயனில்லை. வேவில் இல்லை, எம்பி3-யில் இருக்கிறது என்றால் சுருக்கும்போது வந்தது. இரண்டும் சுத்தமாக இருந்து, தளத்தில் மட்டும் கேட்டால்தான் அது தளத்தின் வேலை.

அதனால் மூல வேவை அழிக்காதீர்கள். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்.பி.தான் ஆகும். இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

சத்தம் ஏறும் இடங்களில் கரகரப்பு

இதுதான் அதிகம் வரும் புகார். கிளிப்பிங், அதாவது அளவு மீறிய சத்தத்தில் ஒலி அலையின் தலை வெட்டுப்படுவது. அதுவும் இரண்டு டிராக்குகள் ஒன்றாக ஓடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் வரும். காரணம் எளிது. இன்றைய டெக்னோ டிராக்குகள் ஏற்கெனவே உச்ச அளவை ஒட்டி மாஸ்டர் செய்யப்பட்டவை. டிரான்ஸும் அப்படியே. இரண்டு கிக்கும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் உச்சம் 6 டெசிபெல் வரை ஏறும். நீங்கள் எவ்வளவு துல்லியமாக பீட் சேர்க்கிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் சிவப்பு விளக்கு எரியும்.

வேவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, கரகரக்கும் இடத்தை ஒரே ஒரு கிக் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அலையின் தலை வழவழப்பாக வளைந்திருக்க வேண்டும். கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் கிளிப் ஆகியிருக்கிறது. அந்தத் தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சரியாக 0 டெசிபெல் கோட்டில் என்றால், பதிவு செய்த கருவியின் உள்வரும் அளவு அதிகம். 0-க்குக் கீழே, உதாரணமாக மைனஸ் 3-இல் தட்டையாகியிருந்தால், பதிவுக்கு வருவதற்கு முன்பே மிக்ஸரில் நசுங்கிவிட்டது. பதிவு அளவை எவ்வளவு குறைத்தாலும் இது போகாது.

மிக்ஸரில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான மிக்ஸர்களில் ரெக்கார்ட் அவுட்டுக்கு (பதிவுக்கான வெளிவழி) மாஸ்டர் சத்தக் குமிழ் பொருந்தாது. மாஸ்டரைப் பாதியாகக் குறைத்தால் அறையில் சத்தம் குறையும், பதிவில் குறையாது. சேனலின் மேலே உள்ள, உள்வரும் அளவை மாற்றும் டிரிம் குமிழைத்தான் குறைக்க வேண்டும். ஒரு டிராக் தனியாக ஓடும்போது மீட்டர் மைனஸ் 6 அளவில் நிற்கட்டும். சேரும்போது ஏற இடம் இருக்கும். குறைவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சீவப்பட்ட தலையைத் திரும்ப ஒட்ட முடியாது. கிளிப்பைச் சரிசெய்யும் எஃபெக்டுகள் ஓரிரு கிக்குக்கு உதவும், முழு நிமிடத்துக்கு உதவாது.

வேவ் சுத்தம், எம்பி3 மட்டும் லேசாகக் கரகரக்கிறதா? சுருக்கும்போது அலை கொஞ்சம் மாறுவதால், 0-வைத் தொட்டுக்கொண்டிருந்த உச்சங்கள் அதைத் தாண்டிவிடும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலுக்கு இறக்கிவிட்டு மறுபடி எம்பி3 ஆக்குங்கள், போய்விடும்.

சத்தத்துக்குச் சம்பந்தமில்லாமல் அங்கங்கே 'டிக்' சத்தம்

இது கிளிப்பிங் அல்ல, கணினி மூச்சு வாங்குகிறது. ஒலியைத் துண்டு துண்டாகத் தற்காலிகமாக வைக்கும் ஆடியோ பஃபர் மிகச் சிறிதாக இருக்கிறது. 128 சாம்பிள் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸில் 3 மில்லிசெகண்டுக்குள் ஒவ்வொரு துண்டையும் கணினி முடித்துக் கொடுக்க வேண்டும். 512 ஆக்கினால் கிட்டத்தட்ட 12 மில்லிசெகண்ட் அவகாசம் கிடைக்கும். மிக்ஸ் போடுபவருக்கு இந்தத் தாமதம் கையில் தெரியாது, ஸ்கிராட்ச் செய்பவருக்குத்தான் தெரியும். அப்புறம், கன்ட்ரோலரை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, மின்சேமிப்பை அணைத்து, வைஃபையையும் நிறுத்திவிட்டு ஒரு பத்து நிமிடம் பதிவு செய்து பாருங்கள்.

ரெக்கார்ட் பட்டன் அமுங்கவே இல்லை

டெக்கில் ஓடுவது சந்தா சேவையிலிருந்து வரும் ஸ்ட்ரீமிங் டிராக்காக இருக்கும். அப்படிப்பட்ட டிராக் ஏறியிருக்கும்போது செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ் போன்ற டிஜே மென்பொருள்கள் பதிவைத் தடுத்துவிடும். உரிம ஒப்பந்தம் அப்படி. விலை கொடுத்து வாங்கி, இறக்கி வைத்த ஃபைல்களைப் போடுங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

கேபிள். பத்துக்கு ஒன்பது முறை கேபிள்தான். பதிவுக் கருவியின் பக்கம் இடது வலது ஆர்சிஏ முனைகளை மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை மறுபக்கம் போனால் அந்தக் கேபிளோ அதற்கு முந்தைய முனையோ காரணம். போகவில்லை என்றால் பதிவுக் கருவியின் பக்கம்தான் குறை. போனின் மைக் துளையில் செருகிப் பதிவு செய்திருந்தால் அது மோனோவாகத்தான் வரும். பேசும் குரலுக்கென்று அதில் இருக்கும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு ஒவ்வொரு கிக்குக்கும் சத்தத்தை அமுக்கி எழுப்பும். அந்தப் பதிவைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

60 நிமிட மிக்ஸ் 55 நிமிடமாகி, எல்லாம் வேகமாக ஓடுகிறது

44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள்) பதிவானதை 48 என்று நினைத்து ஏதோ ஒரு மென்பொருள் வாசிக்கிறது. 60 நிமிடம் 55 நிமிடம் 7 நொடி ஆகும், சுருதியும் ஏறும். நேர்மாறாக நடந்தால் 65 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் இடைமுகம், மென்பொருள், எக்ஸ்போர்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும்.

இரண்டு டிராக் சேரும் இடத்தில் அடி ஒலி (பேஸ்) குழம்புகிறது

இது டெக்னோவையும் டிரான்ஸையும் கலப்பதற்கே உரிய சிக்கல். டெக்னோவில் கிக்குக்கும் கிக்குக்கும் நடுவே ஒரு உறுமல் ஓடிக்கொண்டிருக்கும். கிக்கையே ரிவெர்பில் (எதிரொலி எஃபெக்ட்) விட்டு, மேல் அதிர்வெண்களை வெட்டி எடுத்துச் செய்த உறுமல் அது. டிரான்ஸிலோ, பேஸ் சரியாக அந்த இடைவெளியில்தான் விழும். கிக், பேஸ், கிக், பேஸ் என்று. இரண்டையும் ஒன்றாக விட்டால் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். டிரான்ஸின் துள்ளல் செத்துவிடும், டெக்னோவின் கனமும் போய்விடும்.

எனவே டெக்னோவோடு டெக்னோ கலக்கும்போது செய்வதுபோல் பேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றாதீர்கள். உள்ளே வரும் டிராக்கின் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலியைக் கட்டுப்படுத்தும் குமிழ்) முழுக்க இறக்கியே வைத்திருந்து, ஒரு இசை வாக்கியம் (16 அல்லது 32 பார் கொண்ட பகுதி; ஒரு பார் நாலு அடி) முடிந்து அடுத்தது தொடங்கும் முதல் கிக்கில் இரண்டையும் ஒரே வீச்சில் மாற்றுங்கள். அது ஏறும்போது இது இறங்க வேண்டும். பாதிப் பாதி நிலையில் ஒரு பார்கூட நிற்கக் கூடாது.

வாக்கியம் எங்கே முடிகிறது என்று எண்ணத் தெரிந்தால் வேலை சுலபம். 138 பி.பி.எம்-இல் (நிமிடத்துக்கு 138 அடி) 32 பார் என்பது ஏறக்குறைய 56 நொடி. டிரான்ஸில் இந்தக் கணக்கு அநேகமாகப் பிசகாது, பெரிய மாற்றங்கள் எல்லாம் 16 அல்லது 32 பாரில்தான் வரும். டெக்னோ அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. ஒரு ஹை-ஹாட் புதிதாக வந்தால் அதுதான் வாக்கியத் தொடக்கம்.

கிக்குகள் குதிரை ஓடுவதுபோல் இரட்டிக்கின்றன

பீட்கிரிட், அதாவது டிராக்கின் அடிகளை மென்பொருள் குறித்து வைக்கும் கோடுகள், பிசகியிருக்கிறது. வேகத்தையும் அடிகளையும் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனைத் திட்டுபவர்கள் திட்டட்டும். கிரிட் சரியாக இருந்தால் சிங்க் நம்பகமான வேலைக்காரன், கிரிட் தவறாக இருந்தால் அது துல்லியமாகத் தவறு செய்யும்.

டிரான்ஸ் டிராக்குகளில் இது அடிக்கடி வரும். கிக் இல்லாமல் நீண்டு ஒலிக்கும் பேட் ஒலியோடு தொடங்கும் டிராக்கில் மென்பொருள் முதல் பீட்டை ஊகித்து எங்காவது வைத்துவிடும். பிரேக்டவுன் (கிக் நின்று மெலடி ஓடும் பகுதி) முடிந்து கிக் திரும்பும் இடத்துக்குப் போய், அந்த முதல் கிக்கின் தொடக்க முனையில் 'ஒன்று' என்பதை வையுங்கள். பிறகு டிராக்கின் கடைசிக் கிக்குக்குத் தாவிப் பாருங்கள். அங்கேயும் கோடு கிக்கின் மேல் விழுந்தால் சரி. விலகியிருந்தால் டெம்போவில் தசமம் தவறு. 138-ஐ 137.98 என்று கணித்திருந்தாலே, 7 நிமிட டிராக்கின் முடிவில் கோடு சுமார் 60 மில்லிசெகண்ட் தள்ளிப் போய்விடும். அது காதுக்கு இரண்டு கிக்காகவே கேட்கும். வினைலிலிருந்து எடுத்த பழைய டிராக் என்றால் வேகமே சீராக இருக்காது. அதைக் கையால்தான் ஓட்ட வேண்டும், அல்லது நெகிழும் கிரிட் போட வேண்டும்.

பீட் சேர்கிறது, ஆனால் சுருதி ஒட்டவில்லை

வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத கீ லாக்கை முதலில் பாருங்கள். 132-இல் உள்ள டெக்னோவை 140-க்கு ஏற்றினால் சுமார் 6 சதவீதம். கீ லாக் அணைந்திருந்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு செமிடோன், அதாவது கீபோர்டில் ஒரு கட்டை, ஏறிவிடும். எந்தச் சுருதி எதோடு ஒட்டும் என்று காட்டும் கேம்லாட் சக்கரத்தில் 8ஏ என்று எழுதியிருந்தது 3ஏ ஆகிவிட்டது, நீங்கள் இன்னும் 8ஏ-வுக்குப் பொருத்தம் தேடிக்கொண்டிருப்பீர்கள். லாக்கைப் போட்டால் சுருதி நிற்கும், ஆனால் இவ்வளவு இழுத்தால் கிக்கின் முனை மழுங்கும்.

ஒரே தாவலாகத் தாவ வேண்டாம். 132, 134, 136, 138 என்று நாலைந்து டிராக்குகளில் படிப்படியாக ஏறுங்கள். ஒவ்வொரு படியும் ஒன்றரை சதவீதம்தான், யாருக்கும் தெரியாது.

டெக்னோவுக்கு மென்பொருள் சொல்லும் கீயை அப்படியே நம்பாதீர்கள். பல டிராக்குகளில் ஒரே ஒரு சுரமும் இரைச்சலும்தான் இருக்கும். அதற்கு மேஜரா மைனரா என்ற கேள்விக்கே இடமில்லை, மென்பொருள் எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். டிரான்ஸின் பிரேக்டவுனில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மாறும் பகுதியை லூப் போட்டு, டெக்னோவின் பேஸைக் கீழே ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நாலு கார்டில் ஒன்றுக்காவது பல் கூசினால் அந்த ஜோடி வேண்டாம். அல்லது, டெக்னோவின் லோ, மிட் இரண்டையும் வெட்டிவிட்டு ஹாட்டும் கைத்தட்டும் மட்டும் பிரேக்டவுனின் மேல் ஓடட்டும். தாளத்துக்குச் சுருதிச் சண்டை கிடையாது. பிரேக்டவுனில் கிக்கும் இல்லை. என் கணக்கில் டெக்னோவிலிருந்து டிரான்ஸுக்குப் போக இதைவிட நல்ல பாலம் இல்லை.

ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது, போனில் கிக் காணோம்

இதில் இரண்டு வகை. போன் ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியைத் தரவே முடியாது, அதனால் கிக்கின் 'டப்' என்ற முனை மட்டும் கேட்டால் அது இயல்பு. ஆனால் கிக் முழுக்கவே காணாமல் போய், சிந்தசைசர் ஒலியின் விளிம்புகள் மட்டும் மிதந்தால் வேறு விஷயம்: ஒரு சேனல் தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. மோனோவாகச் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. வேவில் இடது அலை மேலே போகும்போது வலது கீழே போகிறதா பாருங்கள். ஆம் என்றால் ஒரு சேனலை மட்டும் தலைகீழாக்கும் கட்டளையைக் கொடுத்தால் போதும். பதிவில் வரும் கோளாறுகளில் முழுக்கச் சரிசெய்ய முடிவது அநேகமாக இது ஒன்றுதான்.

மற்ற மிக்ஸ்களோடு ஒப்பிட்டால் சன்னமாகக் கேட்கிறது

உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்கும் ஆசை வரும். வேண்டாம் என்பேன். யூடியூப் போன்ற தளங்கள் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவை ஒட்டி, அதைவிடச் சத்தமானதைத் தாமாகவே இறக்கிவிடும். நசுக்கினதற்குப் பலன் ஏதும் இல்லாமல் போகும். டிரான்ஸில் கூடுதல் இழப்பு: பிரேக்டவுனும் டிராப்பும் (கிக் திரும்பி வரும் உச்சம்) ஒரே உயரமாகிவிட்டால் டிராப்புக்காகக் காத்திருந்த ஒன்றரை நிமிடம் வீண். உச்சத்தை மைனஸ் 1-க்கு ஏற்றுங்கள். பழைய டிராக் ஒன்று மட்டும் தணிந்திருந்தால் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றுங்கள், மாற்றம் திடீரென்று தெரியாதபடி ஃபேடோடு.

ஏற்றிய உடனே தடை, அல்லது சில நாடுகளில் ஓடவில்லை

முதலில் வந்திருப்பது என்ன என்று படியுங்கள். யூடியூபில் கன்டென்ட் ஐடி (பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) உரிமைகோரல் வேறு, பதிப்புரிமை ஸ்டிரைக் வேறு. உரிமைகோரலால் சேனலுக்கு ஆபத்தில்லை. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளிலோ எல்லா இடத்திலுமோ வீடியோ முடக்கப்படும். ஸ்டிரைக் என்பது சட்டப்படி நீக்கச் சொன்னது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும்.

யூடியூப் ஸ்டூடியோவில் எந்த டிராக், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எந்தெந்த நாடு என்று காட்டும். பல சமயம் பதினைந்து டிராக்கில் ஒன்றே ஒன்றுதான் முடக்கத்துக்குக் காரணமாக இருக்கும். அந்தப் பகுதியைத் தளத்திலேயே வெட்டினால் மிக்ஸ் நடுவில் தடுக்கி விழும். அதற்கு முந்தைய டிராக்கின் நடுவிலிருந்து அடுத்த டிராக்கின் நடு வரை வேறு டிராக் போட்டு மறுபடி பதிவு செய்து, இரு முனையிலும் ஒரு கிக்கின் தொடக்கத்தில் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடோடு (ஒன்று தணிய மற்றது ஏறும் இணைப்பு) ஒட்டுங்கள். டெம்போவும் அளவும் ஒன்றாக இருந்தால் தையல் தெரியாது.

வேலைக்கு ஆகாத வைத்தியங்கள் நிறைய உலவுகின்றன. "பதிப்புரிமை மீறும் எண்ணமில்லை" என்று விளக்கத்தில் எழுதுவது, டிராக் பட்டியலில் எல்லார் பெயரையும் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது, சுருதியைக் கொஞ்சம் ஏற்றுவது. எதுவும் உங்களுக்கு உரிமை தராது. காசு கொடுத்து வாங்கிய டிராக் என்பதும் பொதுவில் வெளியிட அனுமதி ஆகாது. கையில் உண்மையான அனுமதி இல்லாமல் ஆட்சேபம் கிளப்பினால், உரிமையாளர் அதை நிராகரித்து நீக்கக் கோரலாம். இல்லாத ஸ்டிரைக்கை நாமே வரவழைத்துக்கொண்டதாகும்.

ஒழுங்கான வழிகள் மூன்று. மிக்ஸ்களுக்கென்றே உரிமம் பெற்று நடக்கும் மிக்ஸ்கிளவுட் போன்ற இடத்தில் ஏற்றுவது ஒன்று. சின்ன லேபிள்களுக்கும் நேரடியாக விற்கும் கலைஞர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது இன்னொன்று. கேட்டுப் பார்த்தால் பலர் சரி என்பார்கள். மூன்றாவது, படைத்தவரே முன்கூட்டிப் பகிர அனுமதி தந்த கிரியேட்டிவ் காமன்ஸ் டிராக்குகள். இதில் 'என்.டி.' என்ற எழுத்துகள் உள்ள உரிமத்தைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றி அமைத்ததைப் பகிர அது அனுமதிப்பதில்லை, மிக்ஸில் நாம் செய்வது அதைத்தான்.

ஃபைல் போகவே மாட்டேன் என்கிறது

320 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 144 எம்.பி. ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் இணைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் பாட்டாக அல்லாமல் ஆவணமாக அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை போகும். கூகுள் டிரைவில் வைத்து லிங்க் கொடுத்தால், லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பை மாற்றினீர்களா? உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, தனிப்பட்ட சன்னலில் ஒரு முறை திறந்து பாருங்கள். "அனுமதி கேக்குது" என்று பத்துப் பேர் பதில் போடுவது மிச்சமாகும்.

தளத்தில் ஏற்றுவதற்கு எம்பி3 வேண்டாம். தளம் எப்படியும் மறுபடி சுருக்கும். இடம் கொடுத்தால் வேவ் அல்லது ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) ஏற்றுங்கள். இருமுறை சுருங்கினால் ஹை-ஹாட்டுகள்தான் முதலில் சலசலக்கும்.

டிராக்குக்கு டிராக் நடுவில் இடைவெளி விழுகிறது

மிக்ஸைத் துண்டு துண்டாக வெட்டி எம்பி3 ஆக்கியிருப்பீர்கள். எம்பி3 ஒவ்வொரு துண்டின் முனையிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும். ஒரே ஃபைலாக விட்டு, விளக்கத்தில் நேரக் குறிப்பு எழுதுங்கள். யூடியூபில் அது அத்தியாயங்களாக மாற வேண்டுமானால் முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும், மொத்தம் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. "வேலை செய்யல" என்பவர்களில் பாதிப் பேர் 0:00-ஐ விட்டவர்கள்.

குறை ஒன்றும் இல்லை, ஆனால் பத்து நிமிடத்தில் எல்லாரும் போய்விடுகிறார்கள்

முதல் டிராக்கின் இரண்டு நிமிடக் கிக்கை அப்படியே விட்டிருக்கிறீர்களா? கிளப்பில் அந்த இரண்டு நிமிடம் முந்தைய டிஜேயிடமிருந்து கைமாறுவதற்கு. வீட்டில் கேட்பவருக்கு அது காத்திருப்பு. வெட்டுங்கள். அடுத்தது, டெக்னோ அரை மணி, டிரான்ஸ் அரை மணி என்று பிரித்திருந்தால், டெக்னோவுக்காக வந்தவர் நடுவில் இறங்குவார், டிரான்ஸுக்காக வந்தவர் அதுவரை இருக்கமாட்டார். எட்டாவது, பத்தாவது நிமிடத்திலேயே ஒரு டிரான்ஸ் மெலடியை டெக்னோவின் மேல் எட்டுப் பார் காட்டி எடுத்துவிடுங்கள். அதே டிராக் நாற்பதாவது நிமிடத்தில் முழுசாக வரட்டும்.